கண்கூடு விதி

நண்டு சார் வாளியோடு வாசலுக்கு வந்தபோது காவலாளி எழுந்து நின்றார். மரியாதை அவருக்கல்ல, வாளிக்கு. போன வாரம் அதிலிருந்து தப்பிய நண்டு ஒன்று காவலாளியின் நாற்காலிக்கடியில் அரை நாள் குடியிருந்த பிறகுதான் பிடிபட்டது.

"இன்னிக்கு எத்தனை பேர் சார்?"

"நாலு."

"யாரைப் பார்க்க வந்திருக்காங்க?"

"என்னைத்தான்."

காவலாளி கேலி செய்யவில்லை. அந்த ஆராய்ச்சி நிறுவனத்துக்குள் நுழையும் உயிருள்ள எதுவும் வருகையாளர்தான் என்பது விதி. வருகையாளருக்குச் சீட்டு எழுத வேண்டும். யாரைப் பார்க்க வந்தார், எப்போது வந்தார், எப்போது கிளம்பினார். நண்டுகளுக்கு முதல் இரண்டும் சுலபம். மூன்றாவதில்தான் சிக்கல். உள்ளே போன நண்டு எதுவும் இதுவரை சொந்தக் காலில் வெளியே வந்ததில்லை. ஆகவே நிறுவனத்தின் பார்வையில் அவை எல்லாம் இன்னும் உள்ளேதான் தங்கியிருந்தன. விருந்தினர் விடுதிப் பொறுப்பாளர் அவற்றைப் பற்றி ஏற்கெனவே விளக்கம் கேட்டிருந்தார்.

நண்டு சாருக்கு நிஜப் பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் வரும். ஒப்பந்த ஆராய்ச்சியாளர் என்பது பதவி. ஆண்டுக்கு ஆண்டு மதிப்பாய்வுக் குழு கூடி, இன்னும் ஓர் ஆண்டு வைத்துக்கொள்ளலாமா, அனுப்பிவிடலாமா என்று முடிவு செய்யும். போன தடவை குழு அவரைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை. இந்த ஆண்டுக் கடைசியில் மறுபடி கூடுகிறது. அதற்குள் அவர் திரையில் ஒரு சின்னப் பள்ளத்தைக் காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் அவருடைய இருட்டறையை இடித்து, இயக்குநரைப் பார்க்க வருகிறவர்கள் காத்திருக்க ஓய்வறை கட்டப்போகிறார்கள். சோபாவின் அளவுகூட எடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அந்தப் பள்ளத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுவது நல்லது. நரம்பு என்பது மெல்லிய குழாய். அதன் சுவர் ஒரு சவ்வு. நரம்பைத் தூண்டினால் அந்தச் சவ்வில் ஒரு மாறுதல் ஓடிப் போகும். கை சுட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறோமே, அதெல்லாம் இந்த ஓட்டத்தால்தான். ஓட்டத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் சில சாயங்கள் சவ்வில் போய் ஒட்டிக்கொள்ளும். சவ்வு மாறும்போது சாயம் விடும் ஒளியும் இம்மியளவு மாறும். ஆயிரக்கணக்கில் மெழுகுவர்த்தி எரியும் மண்டபத்தில் யாரோ ஒன்றை மட்டும் ஊதி அணைத்தால் வெளிச்சம் எவ்வளவு குறையுமோ, அவ்வளவு. கருவிக்கு அது தெரியும். திரையில் ஓடும் கோடு ஓரிடத்தில் லேசாகக் குழிந்து மேலே வரும்.

மாணவராக இருந்த காலத்தில் வேறோர் ஊரில், வேறொருவர் அறையில், நண்டு சார் ஒரே ஒரு தடவை அதைப் பார்த்திருக்கிறார். உயிரோடு இருக்கும் ஒன்று, நான் இருக்கிறேன் என்று வெளிச்சத்தில் சொல்வது போல இருந்தது. அதற்குப் பிறகு அவருக்கு வேறு வேலை எதுவும் ஓடவில்லை.

இங்கே வந்தபின் அவர் நண்டுக் காலை ஒடித்து நரம்பை உருவாத நாள் குறைவு. வெள்ளை நூல் போல வரும். அதைக் கடல்நீர்த் தொட்டியில் கிடத்தி, சாயம் ஏற்றி, விளக்கைப் போட்டு, மின் துடிப்பைக் கொடுப்பார். கோடு நேராகப் போகும். மறுபடி கொடுப்பார். கோடு நேராகவே போகும். வெளியே எடுத்த நண்டு நரம்பு சில மணி நேரம்தான் உயிரோடு இருக்கும். அதற்குள் எத்தனை முறை கேட்டாலும் அது வாயைத் திறந்ததில்லை.

"உங்க நண்டுக்கு நரம்பு இருக்கு. உங்களுக்குத்தான் இல்ல," என்றாள் மனைவி. அவள் பெரிய மருத்துவமனையில் செவிலியர். "எங்க வார்டுல ஊசியை எடுத்துக் காட்டினாலே போதும், எல்லாருக்கும் நரம்பு துள்ளுது. உங்க கிட்ட மட்டும் ஏன் இப்படி அழுத்தமா கிடக்குது?"

"சாயம் சரியில்ல போல."

"சாயம் சரியில்ல, விளக்கு சரியில்ல, நண்டு சரியில்ல. எங்கண்ணன் நேத்தும் போன் பண்ணினான்."

மனைவியின் அண்ணன் டைல்ஸ் கடை வைத்திருந்தார். மாப்பிள்ளைக்கு எப்போது வேலை போகும் என்று அன்போடு காத்திருந்தார். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலிகூட வாங்கிப் போட்டாயிற்று. "கலர்தானே மாப்பிள்ளை? நம்ம கிட்ட இல்லாத கலரா? டைல்ஸ்ல கலர் போகவே போகாது. கேரண்டி" என்பார். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் நண்டு சார் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிப்பார்.

சாயத்தை அனுப்புவது அவருடைய பழைய கூட்டாளி. வெளியூரில் தன் கையாலேயே காய்ச்சி, கரைத்து, சின்னக் கண்ணாடிப் புட்டியில் அனுப்புவார். இரண்டு பேரும் போனில் சண்டை போட்டுக்கொண்டது தற்செயலாக நல்லதாய்ப் போயிற்று.

"டேய், எனக்கு வர்றது வெளிறிப்போன ரோஸ் கலர் தண்ணிடா. என்னத்தைக் காய்ச்சுறே நீ?"

"ரோஸா? நான் அனுப்பினது பீட்ரூட் சாறு மாதிரி இருக்கும்டா. கறுப்புத் துணியில சுத்தித்தானே அனுப்புறேன்? வெளிச்சத்துல வச்சியா?"

"நான் எதுக்குடா வெளிச்சத்துல வைக்கிறேன்? என் ரூம்ல வெளிச்சமே கிடையாது."

அடுத்த புட்டி வந்த அன்று நண்டு சார் அதன் பின்னாலேயே நடந்தார். அப்போதுதான் அவருக்குக் கண்கூடு விதி தெரியவந்தது.

எப்போதோ ஒரு காலத்தில் யாரோ ஒருவர் விலை உயர்ந்த மருந்துக்குப் பதிலாகச் சர்க்கரையை வாங்கி நிறுவனத்தை ஏமாற்றிவிட்டார். அதிலிருந்து, உள்ளே வரும் எந்தப் பொருளையும் பொறுப்பில் உள்ள ஒவ்வோர் அதிகாரியும், மூடியைத் திறந்து, நல்ல வெளிச்சத்தில், தன் கண்ணால் பார்த்து ஒப்பமிட வேண்டும். இதற்கென்றே ஒரு மேஜை. மேஜைக்கு மேல் அறுவைச் சிகிச்சை அறைகளில் தொங்குவது போன்ற ராட்சத விளக்கு. அந்த விளக்கைத் திறந்துவைக்க ஒரு விழாவே எடுத்திருந்தார்கள். சுவரில் கல்வெட்டு இருந்தது.

பண்டகசாலை அதிகாரி துணியைப் பிரித்து, மூடியைத் திறந்து, விளக்குக்கு அடியில் புட்டியை வைத்தார். ஆழ்ந்த சிவப்பில் ஒரு துளி ஊதா. நண்டு சார் கிட்டே போய்க் குனிந்தார். இவ்வளவு நல்ல நிறத்தை அவர் மாணவராக இருந்தபோது பார்த்ததோடு சரி.

"போதும் சார், மூடிடுங்க," என்றார்.

"அவசரப்படாதீங்க. கணக்கு அதிகாரி சாப்பிடப் போயிருக்கார். வந்து பார்க்கணும்."

கணக்கு அதிகாரி வந்து பார்த்தார். பாதுகாப்பு அதிகாரி வந்து முகர்ந்தும் பார்த்தார். முகர்வது விதியில் இல்லை, அவருடைய சொந்த ஈடுபாடு. துணைப் பதிவாளர் கூட்டத்தில் இருந்ததால் புட்டி அவருக்காகத் திறந்த வாயோடு அந்த வெயிலில் கிடந்தது. கடைசியில் பதிவாளர் வந்தபோது நிறம் பாதியாகியிருந்தது. இயக்குநர் ஒப்பமிட்டு நண்டு சாரின் கைக்கு வந்தபோது, யாரோ வாயில் வைத்துத் துப்பிய சர்பத் போல இருந்தது.

அத்தனை ஒப்பங்களுக்கும் மேலே, நிறம் திருப்திகரம் என்று எழுதியிருந்தது.

நண்டு சார் பதிவாளரிடம் போனார். பதிவாளர் ஒழுங்கானவர். மேஜைமீது ஒரு தூசி இருக்காது. ஒரு வேலையும் இருக்காது.

"சார், இந்தச் சாயம் வெளிச்சம் பட்டா கெட்டுப்போகும். நீங்க எல்லாரும் பார்க்கப் பார்க்கத்தான் கெடுது. மூடியைத் திறக்காம, துணியோட அப்படியே என் கிட்ட கொடுத்துடுங்க."

"பார்க்காம எப்படி ஒப்பம் போடுறது?"

"பார்த்தா கெடுதே சார்."

பதிவாளர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் ஒண்ணு கேக்கறேன். தப்பா நினைக்காதீங்க. நாலு பேர் பார்த்தா கெடுற பொருள் ஒழுக்கமான பொருளா? என் மேஜையைப் பாருங்க. நாள் முழுக்க வர்றவன் போறவன் எல்லாம் பார்க்கறான். கெட்டுப்போச்சா? ஒளிச்சு வச்சாத்தான் நல்லா இருக்கும்னா, அதுல ஏதோ இருக்குன்னு அர்த்தம்."

"ஆமா சார், அதுல சாயம் இருக்கு."

"எழுதிக் கொடுங்க," என்றார் பதிவாளர்.

எழுதிக் கொடுத்தார். விண்ணப்பம் எங்கெங்கோ போய், இருளைப் பற்றி ஆராய ஒரு துணைக்குழுவைப் பெற்றெடுத்தது. துணைக்குழு ஒரு நடுவழியைக் கண்டது: கண்கூடு விதியை மீறக்கூடாது, வெளிச்சமும் படக்கூடாது; ஆகவே அதிகாரிகள் அனைவரும் ஆராய்ச்சியாளரின் இருட்டறையில் ஒன்றாகக் கூடி, இருட்டிலேயே நிறத்தைப் பார்த்துச் சான்றளிக்க வேண்டும்.

நண்டு சார் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு, இருட்டில் ஒன்றும் தெரியாது, ஆகவே சாயம் பிழைத்துக்கொள்ளும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சந்தோஷப்பட்டார். மனுஷன் அந்த நிலைமைக்கு வந்திருந்தார்.

புதுப் புட்டி வந்தது. குழு வந்தது. கதவைச் சாத்தினார்கள்.

"யாருங்க என் காலை மிதிக்கிறது?"

"நான்தான் சார், கணக்கு."

"புட்டி யார் கிட்ட இருக்கு?"

"என் கிட்ட. மூடி திறந்திருக்கு. எல்லாரும் பாருங்க."

எல்லாரும் பார்த்தார்கள். தங்களுக்கு மட்டும்தான் தெரியவில்லையோ என்ற பயம் அந்த அறையில் நிறைந்திருந்தது.

"நல்ல சிவப்பு," என்றார் துணைப் பதிவாளர்.

"சிவப்புன்னும் சொல்லிட முடியாது," என்றது கணக்கு.

"நான் பச்சைன்னு நினைச்சேன்," என்றார் பண்டகசாலை, மெதுவாக.

நண்டு சார் ஒரு மூலையில் கைகளைக் கூப்பிக்கொண்டு நின்றார். இன்னும் கொஞ்ச நேரம். பச்சையோ மஞ்சளோ, எழுதிவிட்டுப் போய்விட்டால் போதும்.

அப்போதுதான் பாதுகாப்பு அதிகாரி, முகர்ந்து பார்க்கும் ஆசையில், ஓரடி முன்னால் வைத்து வாளிக்குள் காலை விட்டார்.

அந்த அறையில் அத்தனை காலத்தில் முழுமையாகத் தூண்டப்பட்ட முதல் நரம்பு பாதுகாப்பு அதிகாரியுடையது. அலறல் காவலாளி வரைக்கும் கேட்டது. எல்லார் பையிலிருந்தும் கைபேசிகள் வெளியே வந்தன. எல்லா வெளிச்சமும் ஒன்றாக எரிந்தது. பாதுகாப்பு அதிகாரி ஒற்றைக் காலில் நிற்க, மற்றொரு காலில் நண்டு ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி, கட்டுப்போட்டு, வருகையாளர் ஒருவர் அதிகாரியைத் தாக்கியதற்கு முறைப்படி விசாரணை வைக்கலாமா என்று பேசி முடிப்பதற்குள் அத்தனை விளக்குகளும் அணையாமலே இருந்தன. புட்டி நடுமேஜையில் திறந்தபடி இருந்தது.

"வெளிச்சம் வந்ததும் நல்லதாப் போச்சு," என்றார் பதிவாளர். "இப்ப நல்லாத் தெரியுது. வெளிர் ரோஸ்."

அன்று வீட்டுக்கு வந்த நண்டு சார் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். மதிப்பாய்வு நெருங்கிவிட்டது. கூட்டாளியிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு புட்டிக்குத்தான். அடுத்ததைக் காய்ச்ச மாதக்கணக்கில் ஆகும்.

மனைவி வேலைக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அவர் சொல்லச் சொல்லச் சிரிக்கப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டாள்.

"என்னங்க, ஒண்ணு சொல்லுங்க. அந்தப் பள்ளம் நிஜமாவே வருமா? இல்ல, இருக்கிற மாதிரி உங்களுக்கு ஒரு எண்ணமா?"

"வரும். நான் பார்த்திருக்கேன்."

"ஒரு தடவை."

"ஒரு தடவைதான். ஆனா பார்த்தேன்."

அவள் சீப்பை வைத்தாள். "அந்த வாசல்ல எல்லாத்தையும் திறந்து பார்ப்பாங்களா?"

"எல்லாத்தையும்."

"உங்க சாப்பாட்டை?"

நண்டு சார் நிமிர்ந்தார். இத்தனை வருஷத்தில் அவருடைய சாப்பாட்டை யாரும் எட்டிப் பார்த்ததில்லை. சாப்பாடு ஆராய்ச்சிப் பொருள் அல்ல. அதற்கு விதி இல்லை.

கடைசிப் புட்டி வீட்டு விலாசத்துக்கு வந்தது. அவள் அதைக் கறுப்புத் துணியோடு சாப்பாட்டு அடுக்கின் அடித்தட்டில் வைத்து, மேல்தட்டில் சோற்றைப் போட்டு இறுக்கி மூடினாள். "பார்த்து. பசியில கலந்து குடிச்சுடாதீங்க. அப்புறம் உங்களை என் வார்டுலதான் சேர்ப்பாங்க. மானம் போயிடும்."

காவலாளி வாளியைப் பார்த்து ஒதுங்கினார், அடுக்கைப் பார்த்து, "அம்மா இன்னிக்கு என்ன சார் கட்டிக் கொடுத்தாங்க?" என்றார். நண்டு சார் அடுக்கை மார்போடு அணைத்துக்கொண்டார். "சோறுதான்" என்று சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

அன்று பகல் முழுக்க அதிகாரிகள் எல்லாரும் கூட்ட மண்டபத்தில், மதிப்பாய்வன்று எப்படி உட்காருவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாழ்வாரத்தில் ஈ காக்கைகூட இல்லை. நண்டு சார் கதவைத் தாழிட்டார். நண்டின் காலை மூட்டில் ஒடித்து மெல்ல இழுத்தார். வெள்ளை நூல் அறுபடாமல் வந்தது. தொட்டியில் கிடத்தி, புட்டியிலிருந்து சில சொட்டுகள் விட்டு, மிஞ்சியதைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். காத்திருந்து, நரம்பைக் கழுவி, விளக்கைப் போட்டு, துடிப்பைக் கொடுத்தார்.

கோடு நேராகப் போனது.

ஒரு தடவையில் தெரியாது என்று அவருக்குத் தெரியும். அவ்வளவு சிறிய மாறுதல். நூற்றுக்கணக்கில் துடிப்புகளைக் கொடுத்து, எல்லாக் கோடுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கூட்டினால்தான் இரைச்சல் அடங்கி உண்மை தலைதூக்கும். கூட்டல் போய்க்கொண்டே இருந்தது. கோட்டின் பிசிறு மெல்ல மெல்ல வழுவழுப்பானது. அதன் ஓரிடத்தில், முதலில் கண்ணின் மயக்கம் போல, பிறகு சந்தேகமில்லாமல், ஒரு குழி விழுந்தது. விழுந்து, மேலேறி, மறுபடி சமமானது.

அவர் துடிப்பை நிறுத்திப் பார்த்தார். குழி வரவில்லை. கொடுத்தார். வந்தது. செத்துக்கொண்டிருக்கும் ஓர் ஒடிந்த காலின் நரம்பு, ஒவ்வொரு தடவை கேட்டபோதும், இருக்கிறேன் என்றது.

மனைவிக்குப் போன் போட்டார்.

"என்னங்க? யாராவது பிடிச்சுட்டாங்களா?"

"வந்துடுச்சும்மா."

"நிஜமாவா?" என்றாள். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "இருங்க, இங்க ஒருத்தருக்கு ஊசி பாதியில நிக்குது," என்றாள்.

மதிப்பாய்வு நாளன்று நண்டு சார் சலவைச் சட்டை போட்டிருந்தார். மிஞ்சிய சாயம் கறுப்புத் துணிக்குள் சட்டைப்பையில் இருந்தது. பிற்பகல் குழுவின் முன்னாலேயே செய்து காட்டிவிடலாம் என்று வாளியில் ஒரு நண்டையும் கொண்டுவந்திருந்தார். கண்கூடு மேஜையையும் அதன் ராட்சத விளக்கையும் மண்டபத்துக்கே நகர்த்திவந்து நடுவில் போட்டிருந்தார்கள். வெளியிலிருந்து வந்த குழு உறுப்பினர் பார்க்க வேண்டும் என்பதற்காக. அவர் மண்ணியல் நிபுணர். எந்தத் துறை மதிப்பாய்வுக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எதிலும் தலையிட மாட்டார்.

அன்று பதிந்து வைத்திருந்த பள்ளம் திரையில் வந்தது. நண்டு சார் விளக்கினார். இயக்குநர் தலையாட்டினார். முதல் தடவையாக அவர் முகத்தில் சோபா தெரியவில்லை.

பதிவாளர் கேட்டார்: "இது எந்தப் புட்டி?"

"சார்?"

"நாங்க கண்கூடாப் பார்த்த புட்டி எதுலயும் இது வரலைன்னு போன மாதம் எழுதியிருக்கீங்க. அதுக்கப்புறம் எங்க கண்ணுக்கு எந்தப் புட்டியும் வரல. அப்ப இது எந்தப் புட்டி?"

நண்டு சாருக்குப் பொய் சொல்லப் பழக்கமில்லை. பழகியிருந்தால் இத்தனை வருஷம் நேர்கோடுகளைக் காட்டிக்கொண்டிருந்திருக்க மாட்டார். சோற்று அடுக்கு உட்பட எல்லாவற்றையும் சொன்னார்.

மண்டபத்தில் ஒரு முனகல் எழுந்தது. பாதுகாப்பு அதிகாரி நண்டு கடித்த காலை எடுத்து மற்றக் காலின் மேல் போட்டுக்கொண்டார்.

"அப்படின்னா இந்தப் பள்ளம் முறைப்படி இல்லை," என்றார் பதிவாளர். "கடத்திட்டு வந்த பள்ளம். ஆனா நாங்க இரக்கமில்லாதவங்க கிடையாது. மீதி இருக்கா? மேஜையில வையுங்க. எல்லாரும் ஒரு பார்வை பார்த்து ஒப்பம் போட்டுடறோம். பள்ளம் சட்டப்படி ஆயிடும். நீங்களும் பிழைச்சுக்குவீங்க."

"சார், விளக்கை மட்டும் அணைச்சுடுங்க. இதுதான் கடைசி. மத்தியானம் செஞ்சு காட்டணும்."

"சீக்கிரம் பார்த்துடுவோம். பயப்படாதீங்க."

நண்டு சார் பையிலிருந்து புட்டியை எடுத்தார். கை அதை விட மறுத்தது. பண்டகசாலை அதிகாரி விரல்களைப் பிரித்து வாங்கி, மூடியைத் திறந்து விளக்குக்கு அடியில் பிடித்தார். பீட்ரூட் சாறு.

"நான் ஒரு வார்த்தை சொல்லணும்," என்றார் அவர். "என் வேலையில எந்தப் பொருளும் எனக்கு என்னன்னு தெரியாது. தெரிஞ்சா பாரபட்சம் வந்துடும். அதனால நான் எதையும் தெரிஞ்சுக்காம பார்க்கறேன்." கைதட்டல் எழுந்தது. புட்டி நகர்ந்தது. மாதுளை.

"என்னைப் பொறுத்தவரைக்கும்," என்றார் கணக்கு அதிகாரி, "செலவாகாத பொருள்தான் சிறந்த பொருள். வாங்கி, அலமாரியில வச்சு, அப்படியே இருந்தா கணக்கு அழகா நிக்கும். ஆராய்ச்சிக்காரங்க எடுத்துப் பயன்படுத்தும்போதுதான் எல்லாம் குழம்புது." ரோஜா.

"சார், தயவுசெஞ்சு…" என்றார் நண்டு சார்.

"குறுக்கே பேசாதீங்க. உங்களுக்காகத்தான் பேசிட்டிருக்கோம்."

பாதுகாப்பு அதிகாரி முகர்ந்தார். எந்த ஆபத்தும் தெரியவில்லை என்றார். எந்த ஆபத்தும் தெரியாமல் இருப்பதுதான் தன் துறையின் சாதனை என்றும் சொன்னார். துணைப் பதிவாளர் புட்டியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, தான் பதிவாளரிடம் கற்றுக்கொண்டவற்றைச் சொல்ல ஆரம்பித்தார். அவர் நிறைய கற்றுக்கொண்டிருந்தார். முடிக்கும்போது புட்டியின் அடியில் மட்டும் ஒரு சிவப்புச் சாயல் இருந்தது. பதிவாளர் கைக்குப் போகும்போது அதுவும் இருந்ததா என்று சொல்ல முடியாது.

கடைசியாகப் புட்டி மண்ணியல் நிபுணரிடம் வந்தது. அவர் அன்று முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"தண்ணி," என்றார்.

அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். மண்ணோடு வாழ்ந்தவருக்குத் தண்ணீர் தெரியாமலா போகும்?

"தண்ணியா?" என்றார் இயக்குநர்.

"சுத்தமான தண்ணி."

"சார், அது சாயம்," நண்டு சார் எழுந்துவிட்டார். "கொஞ்சம் முன்னாடி வரைக்கும் சாயம். இப்ப, உங்க கையிலதான் போச்சு."

"என் கையில எதுவும் போகல," என்றார் பதிவாளர். "நான் கையைக் கழுவிட்டுத்தான் வந்தேன். நாங்க இத்தனை பேர் கண்கூடாப் பார்த்திருக்கோம். நீங்க ஒருத்தர் மட்டும் வேற சொல்றீங்க."

நண்டு சார் கண்ணை மூடிக்கொண்டார். டைல்ஸ் கடை தெரிந்தது. கல்லாவுக்குப் பக்கத்து நாற்காலி தெரிந்தது. பரவாயில்லை என்றுகூடத் தோன்றியது. பார்த்தது பார்த்ததுதானே. கடையில் உட்கார்ந்துகொண்டு நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் இயக்குநர் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு திரையிலிருந்த பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"யோசிச்சுப் பாருங்க," என்றார். "உலகத்துல எல்லாரும் சாயம் போட்டு நரம்பைப் பார்க்கறாங்க. நம்ம ஆள் வெறும் தண்ணியில பார்த்திருக்கார். சாயம் இல்லாம! செலவில்லாம! இதை அவருக்கே சொல்லத் தெரியல. சாயம் சாயம்னு அடம்பிடிக்கறார். ஆராய்ச்சியாளர்னா அப்படித்தான். தான் என்ன கண்டுபிடிச்சோம்னு அவனுக்கே தெரியாது. அதைச் சொல்றதுக்குத்தான் ஓர் இயக்குநர் தேவைப்படுறார்."

"கடத்தல்?" என்றார் பதிவாளர்.

"தண்ணியைக் கொண்டுவர்றது எப்படிக் கடத்தலாகும்? நான்கூடத்தான் தினமும் கொண்டுவர்றேன்."

மண்டபம் சிரித்தது. தீர்மானம் அங்கேயே நிறைவேறியது. ஆராய்ச்சியாளரின் ஒப்பந்தம் மூன்று ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்படுகிறது. இனி அவர் சாயத்தைத் தொடக்கூடாது. தண்ணீரை மட்டுமே பயன்படுத்தி அதே பள்ளத்தைத் திரும்பத் திரும்பக் காட்டவேண்டும். ஓய்வறைக்கு வேறு இடம் பார்க்கப்படும்.

"சார், தண்ணியில வராது," என்றார் நண்டு சார். கைதட்டலில் அது யாருக்கும் கேட்கவில்லை. பாதுகாப்பு அதிகாரி மட்டும் நொண்டிக்கொண்டே வந்து கை கொடுத்தார்.

வீட்டில் மனைவி அவர் முகத்தைப் பார்த்ததுமே அண்ணனுக்குப் போன் போடப் போனாள்.

"வேலை போயிடுச்சா?"

"இல்ல. மூணு வருஷம் நீட்டிச்சுட்டாங்க."

"அப்புறம் ஏன் எழவு வீட்டுல இருந்து வந்தவர் மாதிரி நிக்கறீங்க?"

அவர் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். இந்தத் தடவை அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. போனைக் கீழே வைத்துவிட்டு, "மூணு வருஷம் வெறும் தண்ணியையா பார்த்துட்டு உட்கார்ந்திருப்பீங்க?" என்றாள்.

"வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டா, உங்கண்ணன் கடைதான்."

"அங்க டைல்ஸைப் பார்த்துட்டு உட்கார்ந்திருப்பீங்க."

இரண்டு பேரும் சற்று நேரம் சுவரைப் பார்த்தார்கள்.

அடுத்த வாரம் காவலாளி வாளியைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார். வழக்கம்போல ஒதுங்கிவிட்டு, "சார், உங்களுக்குப் பொருள் வந்திருக்கு. நேரா ரூமுக்கே அனுப்பிட்டாங்க," என்றார். "யாரும் திறந்து பார்க்கல. இப்படி நடந்து நான் பார்த்ததே இல்ல."

அறையில், மேஜையின் நடுவில், ஒரு புட்டி இருந்தது. கழுத்து வரைக்கும் கறுப்புத் துணியில் சுற்றி, அதன்மேல் இன்னொரு கறுப்புத் துணியைச் சுற்றி, அரக்கு வைத்து முத்திரையிட்டிருந்தார்கள். பக்கத்தில் பதிவாளரின் ஆணை. இருள் துணைக்குழு முன்பு பரிசீலித்த அவருடைய விண்ணப்பம் ஒருவழியாக ஏற்கப்பட்டுவிட்டது. இனிமேல் இவருக்கு வரும் பொருள் கண்கூடு விதியிலிருந்து முழுமையாக விலக்களிக்கப்படுகிறது. அதன்மேல் எக்காரணம் கொண்டும் வெளிச்சம் படக்கூடாது.

நண்டு சார் முத்திரையை உடைத்தார். ஒரு துணியைப் பிரித்தார். மற்றதையும் பிரித்தார். தண்ணீர் அப்பழுக்கில்லாமல் இருந்தது.

வாளியில் நண்டு சுவரைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. அவர் அதை எடுத்து, காலை மூட்டில் பிடித்தார். பிறகு, பழக்கத்தினால், போய் அறை விளக்கை அணைத்தார்.